கேட்டால் கொடுக்க வேண்டும்

அந்த விதியை எழுதியவர் மெக்கானிக். ஏரிக்கரைச் சாலையில், டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவே அவருடைய பட்டறை. படகின் பின்னால் மாட்டுகிற இன்ஜின்களைப் பழுது பார்ப்பது தொழில். ஏரியில் படகுப் பந்தயம் நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சங்கம் என்பது பெயரளவில்தான். அவர் பொறுப்புக்கு வந்தபோது ஐந்தே ஐந்து படகுகள் மிஞ்சியிருந்தன. ஐந்திலும் வெளியிலிருந்து வரவழைத்த புது இன்ஜின். எது முதலில் வரும் என்பதை ஓட்டுகிறவரின் கை தீர்மானிக்கவில்லை, பர்ஸ் தீர்மானித்தது. வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வருவது நின்றுபோயிற்று.

மெக்கானிக் இரண்டு காரியம் செய்தார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு படகை முழு அளவில் வரைந்து வைத்தார். மூன்று ப்ளைவுட் பலகைக்குள் அடங்கிவிடும் படகு. ரம்பம் பிடிக்கத் தெரிந்த யாரும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம். இன்ஜின் பழையதாக, பதினைந்து குதிரைசக்திக்குள் இருந்தால் போதும். இரண்டாவது காரியம், விதி. பந்தயத்தை ஓட்டி முடித்த எவரும், முதல் படகு வந்து அரை மணி நேரத்துக்குள், குறித்த விலையை ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்தால், முதலில் வந்தவருடைய இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்தவர் மாட்டேன் என்று சொன்னால் இரண்டு வருஷம் தடை. குறித்த விலை, ஒரு நல்ல தையல் மெஷின் விலை.

"இன்ஜினுக்குள்ள தங்கத்தையே ஊத்தினாலும் அந்த விலைக்குத்தான் போகும். அப்புறம் எவன் ஊத்துவான்?" என்றார் மெக்கானிக். இன்ஜினைப் பிரித்துச் சோதனை போட ஆள் வேண்டாம், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வேண்டாம், விதியே காவல் காக்கும் என்பது அவர் நம்பிக்கை.

மூன்று வருஷத்தில் படகுகள் இருபத்துமூன்று ஆயின. பேக்கரிக்காரி வந்தாள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் வந்தார், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் இருவர் ஒரு படகைக் கூட்டாகச் செய்து கொண்டுவந்தார்கள். வாழ்க்கையில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாதவர்கள், முழங்கால் வரை ஈரமாகி, திங்கட்கிழமை வேலைக்குப் போய் அதையே பேசினார்கள்.

மெக்கானிக்கின் மனைவிக்குக் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிற வேலை. சாலையின் எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு கடை. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு உண்மையாகவே ஒரு தம்பி இருந்தான். இரும்பு கேட் செய்யும் கடையில் வெல்டர். அந்த வருஷம் நடந்த ஐந்து பந்தயத்திலும் அவன்தான் முதல். மிச்சம் ஒன்று, கடைசிப் பந்தயம், வரும் ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை மத்தியானம் பேக்கரிக்காரி, கையில் ஒட்டிய மாவோடு அக்காவின் கடைக்குள் வந்தாள்.

"அக்கா, உங்க கடைக்கு வர்றவங்க யாருக்காவது படகு வேணும்னா சொல்லுங்க. என்னுதை வித்துடறேன்."

அக்கா மெஷினை நிறுத்தினாள். "ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் விஷயமே. அஞ்சு பந்தயம், அஞ்சும் உங்க தம்பி. அவர் வந்து சேர்றதுக்கும் ரெண்டாவது ஆள் வர்றதுக்கும் நடுவுல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்."

"அதுக்குத்தானே விதி இருக்கு? யாராவது இன்ஜினைக் கேட்டிருக்கலாமே."

பேக்கரிக்காரி வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "பூனைக்கு மணி கட்டறது யாருக்கா? எங்க எல்லார் இன்ஜினும் ரிப்பேருக்கு உங்க வீட்டுக்காரர்கிட்டதான் வருது. அவர் மச்சான் இன்ஜின் மேல கை வச்சிட்டு, அடுத்த வாரம் என் கார்புரேட்டரைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அவர் அப்படிப்பட்டவர் இல்லம்மா."

"அவர் இல்ல. தெரியும். ஆனா உங்க தம்பி வேன்காரர்கிட்ட சொல்லியிருக்காரு, 'இது என் புள்ள மாதிரி, எவனாவது கேட்டா அவனோட பேச்சுவார்த்தை அத்துப்போச்சு'ன்னு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாராம். பைக்கை வித்து இன்ஜினுக்குள்ள போட்டிருக்கிறவர் அப்படித்தான் சொல்லுவாரு."

"பைக்கை வித்தானா? சர்வீஸுக்கு விட்டிருக்கேன்னு சொன்னானே."

பேக்கரிக்காரி கை மாவைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். "முன்னாடி பணக்காரங்க விளையாட்டுன்னு சொன்னாங்க. இப்ப சொந்தக்காரங்க விளையாட்டுன்னு சொல்றாங்க. நான் ரெண்டும் இல்ல. நான் மட்டும் இல்லக்கா, ஒன்பது பேர் பேசி வச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமையோட சரி."

அவள் போன பிறகு அக்காவுக்குத் தையல் நேராக ஓடவில்லை. ஒரே ஓரத்தை மூன்று முறை பிரித்தாள்.

மறுநாள் அவள் தம்பியைப் பார்க்கப் போனாள். கேட் கடையின் தகரக் கூரைக்குக் கீழே அவன் மட்டும் இருந்தான். இன்ஜின் ஒரு மரத் தாங்கியில் மாட்டியிருந்தது, அதன் மேல் பழைய போர்வை. அக்காவைக் கண்டதும் அவன் செய்த முதல் காரியம், போர்வையைக் கீழ்வரை இழுத்துவிட்டதுதான்.

"பைக் எங்கடா?" என்றாள்.

"வித்துட்டேன்."

"எதுக்கு?"

"தேவை இருந்துச்சு."

அவள் அதற்கு மேல் அதைக் கிளறவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள். "அந்த இன்ஜினை உங்க மாமா ஒரு தடவை பிரிச்சுப் பாக்கட்டுமே. நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க."

"மாமா கேக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நீதான் சந்தேகப்படறே." அவன் குரலை உயர்த்தவில்லை. "பிரிச்சா பழையபடி சேராதுக்கா. ஒவ்வொண்ணும் கையால தேய்ச்சுத் தேய்ச்சு உக்கார வச்சது. அதுவும் இல்லாம, பிரிச்சுப் பாக்கணும்னு விதி கிடையாது. மாமாதானே எழுதினாரு."

"கேட்டா கொடுக்கணும்னு இருக்கே."

"கேக்கட்டும். எவனும் கேக்கல." சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவள் கணவனிடம் கேட்டாள், "பட்டறையில ஓட்டிப் பாக்கற படகு இருக்கே, அது பந்தய அளவுதானே?"

"அளவுதான். ஏன்?"

"ஞாயித்துக்கிழமை என் பேரை எழுதிக்கங்க."

மெக்கானிக் கையைக் கழுவாமலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு ஓட்டுவது அவளுக்குப் புதிதல்ல. பழுது பார்த்த இன்ஜினை ஏரியில் சோதிக்கும்போது, அவர் காதைத் தீட்டிச் சத்தம் கேட்க, ஓட்டுவது அவள்தான். ஆனால் கூட்டத்தில் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

"யாரோ உன்கிட்ட வந்து பேசியிருக்காங்க," என்றார்.

"ஆமா."

"நானும் அவன்கிட்ட கேட்டேன், போன மாசம். நம்பிக்கை இல்லையா மாமான்னு ஒரே வார்த்தை. ஒரு வாரம் பட்டறைப் பக்கமே வரல. அதுக்கு மேல நான் என்ன பண்ண? செயலாளரா பேசினா மாமன் முறைச்சிக்கிட்டான்னு ஆகும். மாமனா பேசினா செயலாளர் சரியில்லன்னு ஆகும்." தட்டை நகர்த்தி வைத்தார். "நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியாது. சொல்லவும் வேணாம். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்றவன் நான்."

புது மெஷின் வாங்க இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அவள் மறுநாள் எடுத்து ஒரு கவரில் போட்டாள். தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மிதவைச் சட்டையின் உள்பக்கம் ஒரு பை தைத்து அதில் வைத்து, வாயையும் தைத்து மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காற்று கிளம்பியிருந்தது. ஏரியின் நடுவில் தண்ணீர் நிறம் மாறி, சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. பெயர்ப்பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் தம்பி அவளிடம் ஓடிவந்தான்.

"என்னக்கா இது, வயசான காலத்துல?"

"முப்பத்தெட்டு வயசான காலமாடா?"

அவன் குனிந்து அவள் சட்டையின் பட்டைகளை இழுத்து இறுக்கினான். கவர் இருந்த இடத்தின் மேல் அவன் கை படும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "திருப்பத்துல வேகத்தைக் குறை. மத்தவங்க கிளப்பற அலையைக் குறுக்கால வாங்காத. பயமா இருந்தா ஓரமா வந்துடு, ஒண்ணும் அவமானம் இல்ல," என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

படகுத்துறைக் கொடிக்கும் ஆரஞ்சு நிறப் பீப்பாய்க்கும் நடுவே தொடக்கக் கோடு. நாலு மிதவைகளைச் சுற்றி மூன்று சுற்று. முதலில் வந்தவர் கோட்டைத் தாண்டி பத்து நிமிஷத்துக்குள் வந்தால்தான் முடித்ததாகக் கணக்கு. முடிக்காதவருக்குக் கேட்கும் உரிமை இல்லை. அவளுக்கு ஜெயிக்க வேண்டாம், யாரையும் முந்தவும் வேண்டாம். முடித்தால் போதும். அது போதும் என்று நினைத்து வந்தவளுக்கு, கொடி இறங்கி இருபது இன்ஜினுக்கு மேல் ஒரே நேரத்தில் அலறியபோது, அதுவே மலையாகத் தெரிந்தது.

முதல் சுற்றில் அவள் எதையும் பார்க்கவில்லை. தண்ணீர் முகத்தில் அறைந்தது. முன்னால் போன படகுகள் கிளப்பிய அலைகளில் ப்ளைவுட் அடிப்பகுதி தடதடவென்று இடித்து, அந்த அதிர்ச்சி பல்வரை ஏறியது. முதல் மிதவையில் அகலமாகத் திரும்பியதில் நாலு பேர் உள்பக்கமாகப் புகுந்து போனார்கள். இரண்டாவது சுற்றுக்குள் அவள்தான் கடைசி. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டாள். கை கொஞ்சம் நிதானப்பட்டது.

தூரத்து மிதவையில்தான் அது நடந்தது. காற்று அன்று பாசியை எல்லாம் அந்த மூலைக்குத் தள்ளியிருந்தது. இன்ஜின் ஒரு முறை இருமியது, பிறகு குரல் கனத்து, படகு சேற்றில் மாட்டிய மாதிரி இழுத்தது. சூடேறுகிற வாசனை வந்தது. அவள் நிறுத்தினாள். இன்ஜினைச் சாய்த்துத் தூக்கினால், தண்ணீரைத் தள்ளும் விசிறியில் பாசி சடைசடையாகச் சுற்றியிருந்தது. சீட்துணி வெட்டும் பிளேடு எப்போதும் அவள் இடுப்புப் பையில் இருக்கும். அதை எடுத்து அறுக்கத் தொடங்கினாள். ஓடாத படகு காற்றுக்குத் திரும்பி, அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது.

அப்போது தம்பி மூன்றாவது சுற்றில் அந்த மிதவையைத் திரும்பி வந்தான். அவளைக் கண்டதும் அவன் படகின் மூக்கு இறங்கியது. வேகத்தைக் குறைத்துவிட்டான்.

"என்னக்கா?"

"பாசி. ஒண்ணும் இல்ல. நீ போ."

"குறுக்கால நிக்கறே. பெருசா ஒண்ணு அடிச்சா கவுந்துடும். கயித்தைப் போடறேன், பிடி."

அவனுக்குப் பின்னால், முந்நூறு அடி தள்ளி, வேன்காரரின் படகு வந்துகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிஷம் தம்பி அங்கே நின்றால் அவர் முந்திவிடுவார். வேன்காரர் ஜெயித்தால் அவர் இன்ஜினைத்தான் கேட்க முடியும். தம்பியின் இன்ஜின் போர்வைக்குள்ளேயே இருக்கும், பேச்சும் இருக்கும், ஒன்பது பேரும் போய்விடுவார்கள். இவ்வளவும் அவள் மனசில் ஒரு நொடியில் ஓடியது.

"போடா," என்று கத்தினாள். "எனக்காக நிக்காத. போ, ஜெயிச்சிட்டு வா."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். நனைந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சீறிக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவள் பாசியை அறுத்த வேகத்தில் விரலும் வெட்டுப்பட்டது. இன்ஜின் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அரைச் சுற்றும் ஒரு முழுச் சுற்றும் மிச்சம். கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது கரையிலிருந்தவர்கள் படகுகளைக் கரையேற்றத் தொடங்கியிருந்தார்கள். வேறு யாரும் ஏரியில் இல்லை. காலடியில் கணுக்கால் அளவு தண்ணீர் முன்னும் பின்னும் புரண்டது. படகு அதன் கனத்தில் திரும்ப மறுத்தது. தூரத்து மிதவையில் பாசியைத் தவிர்க்க அகலமாகச் சுற்றினாள். அதில் எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியவில்லை. கடைசி நீட்டத்தில் கோட்டருகே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நிமிஷம் நாப்பத்தாறு," என்று உரக்கச் சொன்னார். 

கரையில் அவள் கயிற்றை வாங்கியது தம்பிதான். ஜெயித்துவிட்டு அங்கேயே காத்திருந்தான். அவள் விரலைப் பார்த்துத் தன் துண்டைக் கிழித்துக் கட்டினான். "கடைசியா வந்தாலும் கடைசிவரைக்கும் வந்தியே," என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கவரை வைக்க இன்னும் பத்தொன்பது நிமிஷம் இருந்தது. அவள் உடை மாற்றும் அறைக்குப் போய், சட்டையின் தையலைப் பிரித்தாள். பலகை பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு முறை தோன்றியது. வெளியே பேக்கரிக்காரி யாரிடமோ, படகை ஏற்றிப்போக வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்தாள்.

மேஜையில் மெக்கானிக்கும் இரண்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். அவள் கவரை வைத்தாள். மெக்கானிக் அதைப் பிரித்து, உள்ளே பணத்தோடு அவள் எழுதி வைத்திருந்த சீட்டைப் படித்தார். விதிப்படி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அவர் வாசித்தார். இருபத்தோராவதாக முடித்த இன்னார், முதலாவதாக வந்த படகின் இன்ஜினைக் கேட்கிறார்.

 யாரோ படகு நகர்த்திய சத்தம் பாதியில் நின்றது.

தம்பி முதலில் விளையாட்டு என்று நினைத்தான். சிரித்தபடி மேஜைக்கு வந்தவன், கவருக்குள் எட்டிப் பார்த்ததும் நின்றான். அக்காவைப் பார்த்தான்.

"போன்னு சொன்னியேக்கா," என்றான். "ஜெயிச்சிட்டு வான்னு சொன்னியே. நான் என்னவோ, நீ எனக்காகத்தான் சொன்னேன்னு நெனச்சேன்."

அவள் தயாரித்து வைத்திருந்த பதிலெல்லாம், அவன் திட்டுவான், கத்துவான் என்று எதிர்பார்த்துத்தான். 

அவன் மெக்கானிக் பக்கம் திரும்பினான். "மாட்டேன்னு சொன்னா, மாமா?"

"ரெண்டு வருஷம் தடை. எழுதினது நான்தான். உனக்குன்னு மாத்தி எழுத முடியாது மாப்ளே."

அவன்  தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். திருகாணிகளைக் கழற்றி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, இன்ஜினை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜைக்கு முன்னால் தரையில் வைத்தான். மெல்ல வைத்தான். கவரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துணைக்கு வந்த யாரையும் பார்க்காமல் சாலைப் பக்கம் நடந்தான்.

இன்ஜின் இப்போது அக்காவுடையது. "எல்லாரும் பாக்க இப்பவே பிரிங்க," என்றாள் கணவனிடம். இன்ஜினைப் பட்டறைக்குத் தூக்கிப்போய், கதவுகளை விரியத் திறந்துவைத்து மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். பதினைந்து பேருக்கு மேல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பாகமாகத் துடைத்துச் செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். பிஸ்டனை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். அளவுக் கருவியால் மூன்று இடத்தில் அளந்தார். கார்புரேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த விதமாக அல்ல.

"இதுல புதுசுன்னு இருக்கிறது ரெண்டு வாஷர்," என்றார் கடைசியில். "மத்தது எல்லாம் பழைய சாமான். என் குப்பைத்தொட்டியிலேருந்து அவன் எடுத்துட்டுப் போனதுகூட இருக்கு. மூணு செத்த இன்ஜினைச் சேர்த்து ஒண்ணு பண்ணியிருக்கான். எதுவும் விதிக்கு வெளியில இல்ல."

"அப்ப ஏன் இப்படி ஓடுது?" என்றாள் பேக்கரிக்காரி.

மெக்கானிக் ஒரு பாகத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார். "தடவிப் பாரு. கண்ணாடி மாதிரி இருக்கா? மெஷின்ல பண்ணினது இல்ல, கையால தேய்ச்சது. ஒரு சொரசொரப்பு இல்ல, ஒரு இடைவெளி கூடக்குறைய இல்ல. இதுல போட்டிருக்கிறது காசு இல்லம்மா, நேரம். ஏழெட்டு மாசம் தினமும் உக்காந்திருக்கணும்."

"வேலைக்குப் போறவருக்கு அவ்வளவு நேரம் ஏது?"

வேன்காரர் பின்னாலிருந்து சொன்னார், தயங்கித் தயங்கி. "கேட் கடையில வேலையே இல்லைங்க. நான் தினமும் அந்த வழியாத்தானே போறேன். வாரத்துல ரெண்டு நாள்தான் வெல்டிங் சத்தம் கேக்கும். பைக்கை வித்தது ரூம் வாடகைக்குன்னு முதலாளிதான் சொன்னாரு. நாங்கதான் வேற மாதிரி பேசிட்டோம்."

 பேக்கரிக்காரி அந்தப் பாகத்தை, முட்டையை வைப்பதுபோல, திரும்பச் செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

மறுநாள் காலை அக்கா தம்பியின் அறைக்குப் போனாள். அவன் கதவைப் பாதி திறந்து நின்றான். உள்ளே ஒரு கட்டிலும் ஒரு வாளியும்தான் தெரிந்தன. மின்விசிறி இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்கியது.

"இன்ஜினை எடுத்துக்கோடா. மாமா பழையபடியே சேர்த்துட்டாரு."

"வேணாம். கேட்டே, கொடுத்துட்டேன்."

"நான் உன்கிட்ட முதல்லயே வந்து கேட்டேன் இல்ல? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"இன்ஜினைப் பத்திப் பத்து தடவை கேட்டே. பைக்கை எதுக்கு வித்தேன்னு ஒரு தடவை கேட்டே. தேவைன்னு சொன்னேன். என்னடா தேவைன்னு நீ கேப்பேன்னு பாத்தேன். கேக்கல." அவன் கோபமாகச் சொல்லவில்லை. "நானும் எல்லாரையும் மிரட்டி வச்சது தப்புதான். அது இல்லன்னா எனக்குச் சொல்லிக்க வேற ஒண்ணும் இல்லக்கா. போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. அவள் படியிறங்கி வந்தாள்.

ஒன்பது பேரும் போகவில்லை. மரக்கடையில் ப்ளைவுட் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். சங்கத்துக்கு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. வீட்டில்தான் சாப்பாட்டு நேரம் பேச்சில்லாமல் போயிற்று. மெக்கானிக் ஒரு நாள், "விதி காசைத்தான் தடுக்கும்னு நெனச்சேன். வேர்வையையும் பிடுங்கும்னு நெனக்கல," என்றார். 

விதியில் இன்னொரு வரி இருந்தது. கேட்டு வாங்கிய இன்ஜினை, வாங்கியவர் அடுத்த பந்தயத்தில் தானே ஓட்ட வேண்டும். வன்மத்துக்காக யாரும் கேட்டுவிடக் கூடாது என்று மெக்கானிக் சேர்த்தது. அதனால் புது வருஷத்தின் முதல் பந்தயத்தில் அக்கா மறுபடி ஏரியில் இறங்க வேண்டியிருந்தது. ஐந்து பந்தயமும் ஆறாவதும் ஜெயித்த இன்ஜின், அவள் கையில் பதினான்காவதாக வந்தது. கரையில் ஒரே சிரிப்பு. "குதிரை நல்ல குதிரைதான்," என்றார் வேன்காரர். அவளே தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

படகைக் கரையேற்றிக்கொண்டிருக்கும்போது வேலிப்பக்கமிருந்து யாரோ வேகமாக வருவது தெரிந்தது. தம்பி. மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசாதவன், நேராக இன்ஜினுக்குப் போனான்.

"இப்படியா ஓட்டுவாங்க?" என்றான். உண்மையான கோபம். "சாய்வு எவ்வளவு வச்சிருக்கே பாரு. மூக்கைத் தூக்கிக்கிட்டு வாலை இழுத்துக்கிட்டுப் போகுது. மூணு சுத்தும் நான் அங்க நின்னு பாத்துட்டிருக்கேன், கண்ணு கொண்டு பாக்க முடியல. இதைக் கொன்னுடுவே நீ."

"எனக்கு என்னடா தெரியும்?"

"தெரியலன்னா கேளு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. குனிந்து, சாய்வைத் தாங்கும் ஊசியை ஒரு துளை தள்ளிப் போட்டான். இன்ஜினை ஒரு முறை ஆட்டிப் பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் ஈரமாக இருந்தது.

"வேலை எப்படிடா இருக்கு?" என்றாள்.

"வாரத்துல மூணு நாள் ஆகியிருக்கு."

"மிச்ச நாள்?"

 "கவர்ல இருந்ததை வச்சு ரெண்டு செத்த இன்ஜின் வாங்கியிருக்கேன். ஒண்ணு தேறும் போல."

"வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ."

"இன்னிக்கு வேணாம்."

"அப்ப என்னிக்கு?"

"கேட்டுக்கிட்டே இரு, சொல்றேன்," என்றான். பிறகு எழுந்து, படகின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.

பேக்கரிக்காரி தன் படகை இழுத்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தாள். தன் இன்ஜினின் சாய்வையும் ஒரு தடவை பார்க்க முடியுமா என்று அவனிடம் கேட்டாள். அவன் அக்காவிடம் படகைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தான்.